உணவை உலர்த்திக் காத்தலும் நம் வாழ்வும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

25 ஆண்டுகளைக் கடந்து நம் கழகம் வெள்ளிவிழாக் காண்கிறது. இவ்விழாவில் சட்டம் பற்றியும், வேலைவாய்ப்புப் பற்றியும், உயர்கல்வி பற்றியும் அன்பர்கள் பேசினர். நமக்கு அளிக்கப்பட்ட தலைப்போ, வீட்டில் உணவை உலர்த்திக் காத்தல் என்பதாகும். கல்விக் கழகத்தின் மேடையில் வற்றலுக்கும் வடகத்துக்கும் என்ன வேலை என்று இளைஞர்கள் சிலர் தமக்குள் நகைத்துக் கொள்ளக்கூடும். அவர்கள் சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம். கல்வி என்பது ஏட்டில் இருப்பது மட்டுமன்று. நம் தாய்மார்களின் கையிலும், மலையேறி உழைக்கும் நம் உழைப்பாளர்களின் கண்ணிலும் இருப்பதும் கல்வியே. அக்கல்வியை மதித்து, அறிவியலின் துணையோடு சீர்செய்து, பயன்கொள்ளும் வழியை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மலை கற்பிக்கும் பாடம்

நம் போடிநாயக்கனூரின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டிருப்பது ஏலக்காயினால் ஆகும். விளைவது மலையில், விற்பது நம் ஊரில். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது ஏலமலைத் தோட்டங்கள் கேரளத்துக்குச் சென்றன. சந்தையோ இங்கேயே நின்றது. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகத் தோட்டத்துக்குச் சென்று, அந்தியில் இறங்கி வருவோர் நம் மக்களுள் எத்துணைப் பேர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து லயத்தில் தங்கி உழைப்போரும் உளர். மலையில் காய் எடுப்பவரும், ஸ்டோரில் காயைப் பரப்பிப் புரட்டுபவரும், போடியின் கிட்டங்கிகளில் அமர்ந்து காயைத் தரம் பிரிப்பவரும் உழைக்கும் மக்களே, அவருள் பெரும்பாலோர் பெண்களே.

செடியிலிருந்து எடுத்த பச்சை ஏலக்காயில் 100 பங்குக்கு ஏறத்தாழ 80 பங்கு நீரே. அதனைச் சாக்கில் கட்டி இரண்டு நாள் மூலையில் போட்டுவிட்டால் வெதும்பும்; நிறம் மாறும்; பூஞ்சை பூக்கும். எத்துணை உயர்ந்த சாதிக் காயாயினும் அது குப்பைக்கே உரியதாகும். அதே காயை உடனே ஸ்டோரில் ஏற்றி, கம்பிவலைத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, 45 முதல் 55 பாகை வெப்பத்தில், ஈரக்காற்று வெளியேறுமாறு வழிவிட்டு, ஏறத்தாழ ஒரு பகல் ஓர் இரவு உலர்த்தினால், நீர் 10 முதல் 12 பங்காகக் குறைகிறது. 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோ உலர்காயாகிறது. பச்சை நிறம் நிற்கிறது, மணம் நிற்கிறது, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது.

2019 ஆகஸ்டு மாதத்தில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7000 ரூபாய் வரை விலை போயிற்று. அவ்விலை பச்சைக்காய்க்குக் கிடைத்ததா? இல்லை. உலர்ந்த காய்க்கே கிடைத்தது. விலை ஏறும் வரை உலர்ந்த காயை இருப்பில் வைத்திருக்க வல்லார்க்கே அதன் முழுப்பயன் கிட்டியது. இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உள்ளது. உலர்த்த முடிந்தவன் காத்திருக்க முடியும்; காத்திருக்க முடிந்தவன் விலை பேச முடியும். உலர்த்த முடியாதவன் அந்தி சாயுமுன் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவனே. வணிகர்க்கும் தோட்ட உரிமையாளர்க்கும் நன்கு தெரிந்த இவ்வுண்மையைத் தினந்தோறும் நம் கைகளாலேயே நிறைவேற்றித் தருகிறோம். ஆயினும் நம் வீட்டு அடுக்களைக்கும், நம்மவர் பயிரிடும் அரை ஏக்கர் நிலத்துக்கும் அதனைப் பொருத்திப் பார்க்கத் தவறிவிடுகிறோம்.

தக்காளி மலியும் காலத்தில் பெட்டிக்குக் கிடைக்கும் விலை, பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் போதாமல், பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவதையும் சாலையோரத்தில் கொட்டிவிடுவதையும் நாம் காண்கிறோம். அதே பழம் மூன்று திங்கள் கழித்துப் பன்மடங்கு விலைக்கு விற்பதையும் காண்கிறோம். கொட்டியவரும் நாமே, பின்னர்க் கூடிய விலை கொடுத்துக் கால் கிலோ வாங்குபவரும் நாமே.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் ஊரடங்கு வந்தபோது நேர்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். போடிமெட்டு வழி அடைபட்டது. ஜீப்புகள் நின்றன. நாள் கூலியை நம்பிய வீடுகளில் நாளும் வந்தது, கூலி வரவில்லை. நியாயவிலைக் கடை அரிசி கிடைத்தது. ஆனால் அரிசி மட்டும் உணவாகிவிடுமா? சோற்றுக்குத் துணையாக வைக்கப் பானையில் மாங்காய் வற்றலும், கருவாடும், மோர்மிளகாயும், கீரைப்பொடியும் இருந்த வீட்டுக்கும், அவை இல்லாத வீட்டுக்கும் அக்காலத்தில் வேறுபாடு பெரிது. வெள்ளமோ, நோயோ, வேலையின்மையோ இனியும் வரும். அவற்றைத் தாங்கி நிற்கப் பணச் சேமிப்பு நம்மில் பலர்க்கு இல்லை. உணவுச் சேமிப்பாவது இருத்தல் வேண்டும்.

உலர்த்துதல் என்பது யாது?

உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை வாழ நீர் வேண்டும். உணவில் உள்ள நீரைக் குறைத்துவிட்டால் முதலில் பாக்டீரியாக்கள் வளர்ச்சியை நிறுத்துகின்றன. இன்னும் குறைத்தால் பூஞ்சைகளும் நிறுத்துகின்றன. உப்பு இடுவதும் இதே வேலையைச் செய்கிறது. உணவிலுள்ள நீரை வெளியே இழுத்து, எஞ்சிய நீரை நுண்ணுயிர்க்கு உதவாததாக ஆக்குகிறது. புளிப்பும் அவ்வாறே பல கிருமிகளைத் தடுக்கிறது. ஆகவேதான் நம் முன்னோர் வற்றலுக்கு உப்பும், மோர்மிளகாய்க்குப் புளித்த மோரும், ஊறுகாய்க்குப் புளிப்பும் உப்பும் சேர்த்தனர்.

ஒன்றை மறத்தல் ஆகாது. உலர்த்துதல் கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. ஈரம் பட்டவுடன் அவை விழித்துக்கொள்ளும். ஆதலின் உலர்ந்த பண்டத்தில் ஈரக்கை படலாகாது. ஈரக் கரண்டி நுழையலாகாது. ஊறவைத்த வற்றலை அன்றே நன்கு வேகவைத்து உண்ண வேண்டும்.

உலர்த்துவதற்கு வெயில் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். வெப்பம் நீரை ஆவியாக்குகிறது. காற்று அவ்வாவியைக் கொண்டு செல்கிறது. காற்றோட்டமில்லாத கொட்டகையில் எத்துணை வெப்பம் இருப்பினும் பண்டம் அவியுமேயன்றி உலராது. வெப்பம் அளவுக்கு மிஞ்சினாலும் தீங்கே. மேற்புறம் விரைந்து இறுகிவிட, உள்ளே ஈரம் சிறைப்படும். வெளியே உலர்ந்ததுபோல் தோன்றி, பானைக்குள் சென்றபின் பூஞ்சை பிடிப்பது இதனாலேயே ஆகும்.

ஸ்டோரில் வேலை பார்த்த எவரும் இவற்றை அறிவர். எடுத்த காயை விரைவில் உலர்த்துக, மெல்லியதாகப் பரப்புக, ஈரக்காற்று வெளியேற வழிவிடுக, ஆறியபின் காற்றுப் புகாமல் கட்டுக. இந்நான்கு விதிகளும் ஏலக்காய்க்கு எவ்வாறோ, அவ்வாறே கத்தரிக்காய்க்கும்.

நமக்கு வாய்த்த காலம்

இயற்கை நமக்கு ஓர் ஏந்தைத் தந்துள்ளது. ஏலக்காய் எடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்கித் தை வரை நடைபெறும். மாசி முதல் வைகாசி வரை எடுப்பு வேலை குறைவு. அந்நான்கு திங்களில்தான் போடியில் வெயில் மிகுதி, மழை குறைவு, மாங்காய் மலிவு. வேலை குறைந்த காலமும் உலர்த்துதற்கு உகந்த காலமும் ஒன்றாக அமைந்துள்ளன. அந்நாள்களைச் சும்மா கழிக்காமல், வீட்டுக்கு ஓர் ஆண்டுக்கு வேண்டிய வற்றலை ஆக்கிக்கொள்ளலாம்.

மலையில் தங்கியிருப்போர்க்குத் தென்மேற்குப் பருவக்காலம் முழுதும் மழையும் மூடுபனியும் ஆகும். அங்கே வெயிலை நம்ப இயலாது. அடுப்புக்கு மேலே கட்டிய பரணே அங்கு உலர்களம். புகையும் வெம்மையும் படும் அவ்விடத்தில் இறைச்சியும் மீனும் மிளகாயும் காப்பது பழைய வழக்கம். விறகு அடுப்பு மறைந்து எரிவாயு அடுப்பு வந்த வீடுகளில் இவ்வசதி போய்விட்டது. அத்தகையோர் கோடையில் ஊரிலேயே உலர்த்தி மலைக்கு எடுத்துச் செல்வதே நன்று.

எவற்றை, எவ்வாறு?

பொதுவான முறையை முதலில் கூறுவோம். நல்ல காயைத் தேர்க. அழுகலை வெட்டி நீக்கிவிட்டு மீதியை உலர்த்தும் சிக்கனம் வேண்டா. நல்ல நீரில் கழுவுக. ஒரே பருமனாக, மெல்லியதாக அரிக. கொத்தவரை, கத்தரி, பாகல் முதலியவற்றைக் கொதிநீரில் உப்பிட்டு 2 அல்லது 3 நிமிடம் முக்கியெடுத்து, நீரை வடித்தல் வேண்டும், இதனால் நிறம் காக்கப்படும், விரைவில் உலரும். தரையில் பரப்பாமல் கயிற்றுக் கட்டிலில் பாயையோ தூய துணியையோ விரித்து அதன்மேல் பரப்புக. மேலே பழைய வெள்ளை வேட்டியைக் கட்டி மூடினால் ஈயும் தூசியும் அணுகா. அந்தியில் பனி இறங்குமுன் வீட்டுக்குள் எடுத்துவிடுக. இரவு ஈரம் பகல் உழைப்பைப் பாழாக்கும்.

மாங்காய்: கோடைக் காற்றில் உதிரும் காயை நம் சிறுவர்கள் மடி நிறையப் பொறுக்கி வருவர். அதனைத் துண்டாக்கி, 1 கிலோவுக்கு ஏறத்தாழ 75 கிராம் உப்பிட்டு, ஓர் இரவு ஊறவைத்து, பகலில் உலர்த்துக. ஊறிய உப்புநீரைக் கொட்டாமல், மாலையில் துண்டுகளை மீண்டும் அந்நீரில் இடுக. நீர் முழுதும் இழுத்துக்கொள்ளும் வரை இவ்வாறு செய்து, பின்னர்க் கலகலவென ஒலிக்கும் வரை காய விடுக. ஆண்டு முழுதும் குழம்புக்குப் புளி வாங்கும் செலவில் ஒரு பகுதி குறையும்.

சுண்டைக்காயும் மணத்தக்காளியும்: இவை மலைச்சரிவிலும் வேலியோரத்திலும் தாமே முளைப்பவை, விலை கொடுக்க வேண்டாதவை. சுண்டையை இலேசாகத் தட்டி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து, உலர்த்தி, மீண்டும் ஊறவைத்து உலர்த்துக. நகரத்துக் கடைகளில் சிறு பொட்டலமாக நல்ல விலைக்கு விற்பவை இவையே. நாம் காலால் மிதித்துச் செல்லும் செடியில் காசு காய்த்துத் தொங்குகிறது.

மோர்மிளகாய்: மிளகாயைக் கீறி, உப்பிட்ட தயிரிலோ மோரிலோ 2 அல்லது 3 நாள் ஊறவைத்து, பகலில் வெயிலிலும் இரவில் மோரிலுமாக மாற்றி மாற்றி வைத்து, மோர் தீர்ந்தபின் முற்ற உலர்த்துக. ஒரு மிளகாய் இருந்தால் ஒரு கலயம் கஞ்சி இறங்கும் என்பது நம் உழைப்பாளர் அறிந்ததே.

தக்காளி: இதில் 100 பங்குக்கு 94 பங்கு நீர். 5 கிலோ பழம் உலர்ந்தால் 300 முதல் 400 கிராம் அளவே தேறும். இத்துணைக் குறைவா என்று மலைக்க வேண்டா. 5 கிலோவின் புளிப்பும் சுவையும் அதனுள் உண்டு. பழத்தை நான்காக, ஆறாக அரிந்து, விதைச்சாற்றை வடித்து, சிறிது உப்புத் தூவி, நல்ல வெயிலில் 4 அல்லது 5 நாள் உலர்த்துக.

முருங்கைக்கீரை: இதனை வெயிலில் உலர்த்துதல் கூடாது. வெயிலின் ஒளியில் வைட்டமின் ‘ஏ’ச் சத்து அழியும். கழுவி உருவிய இலையைக் காற்றோட்டமுள்ள நிழலில் துணிமேல் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, கையால் நொறுக்கினால் பொடியாகும் வரை உலர்த்துக. பொடியாக்கி, ஒளி புகாத டப்பாவில் அடைத்து வைத்து, கஞ்சியிலும் தோசை மாவிலும் ஒரு கரண்டி கலந்தால் போதும். பெற்றோர் மலைக்குச் சென்றிருக்கும் காலத்தில் பாட்டியின் கையால் உண்ணும் பிள்ளைகளுக்கும், இரத்தச்சோகையால் வாடும் நம் பெண்மக்களுக்கும் இது மிகவும் உதவும்.

உப்புக்கண்டம்: அன்று அறுத்த புதிய இறைச்சியே ஏற்றது. மெல்லிய நீண்ட துண்டுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூண்டும் அரைத்துப் பூசி, கயிற்றில் கோத்து, ஈ புகாதவாறு மெல்லிய துணியால் மறைத்துக் கடும் வெயிலில் தொங்கவிடுக. சுள்ளிபோல் முறியும் வரை உலர்த்திச் சாடியில் காக்க. உண்ணுமுன் நன்கு வேகவைத்தல் கட்டாயமாகும்.

உலர்ந்தவற்றைச் சூடு ஆறிய பின்னரே அடைக்க வேண்டும். உப்பில்லாத பண்டத்துக்கு எவர்சில்வர் டப்பாவும், உப்பிட்டவற்றுக்குக் கண்ணாடிச் சீசாவும் பீங்கான் சாடியும் தக்கவை. அடைத்தபின் முதல் வாரம் நாள்தோறும் பார்த்திடுக. மூடியின் உட்புறத்தில் முத்துமுத்தாக நீர் தோன்றினால் உலர்ந்தது போதவில்லை என்பது பொருள். மீண்டும் வெயிலில் இடுக.

அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சுக

பூஞ்சை பிடித்த வற்றலையோ நிலக்கடலையையோ சோளத்தையோ துடைத்துவிட்டு உண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது பெருந்தீங்காகும். 1960-இல் இங்கிலாந்தில் 1,00,000-க்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. ஆராய்ந்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூத்த பூஞ்சையின் நஞ்சே காரணமெனத் தெரிந்தது. அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். 1974-இல் நம் நாட்டின் மேற்குப் பகுதியில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்களுள் 100-க்கும் மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு உயிரிழந்தனர். கெட்டதை எறிய மனம் வராத வறுமையே அவர்களைக் கொன்றது. சமைப்பதால் அந்நஞ்சு முற்றிலும் அழிவதில்லை. ஆதலின் பூஞ்சை கண்டால் எறிந்துவிடுக. எறிய நேராதவாறு முன்னரே நன்கு உலர்த்துதலே அறிவுடைமை.

அடுத்தது, நம் மலைத்தொழிலோடு ஒட்டிய இடர். ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்து மிகுதியாகத் தெளிக்கப்படுகிறது. மருந்து தீர்ந்த பிளாஸ்டிக் கேன்கள் உறுதியாகவும் அழகாகவும் இருப்பதால், அவற்றைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்து தானியமும் உப்பும் போட்டு வைப்போர் உண்டு. எத்தனை முறை கழுவினும் அந்நஞ்சு நீங்கிவிட்டதென்று நம்ப இயலாது. மருந்துக் கேனும் உரச்சாக்கும் உணவுப்பொருளின் அருகே வரலாகாது. மருந்து தெளித்த செடிகளின் நடுவே முளைத்த கீரையையும் காயையும் பறித்தலும் ஆகாது. வண்டிகள் ஓடும் தார்ச்சாலையில் பரப்பி உலர்த்துதலும் தவிர்க்கத்தக்கது.

உப்பைப் பற்றியும் கூறுதல் கடமையாகும். ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. வற்றல், கருவாடு, ஊறுகாய் மூன்றும் உப்பு மிக்கவை. இவற்றைத் தொட்டுக்கொள்ளும் துணையாகக் கொள்க. முழு உணவாகக் கொள்ளற்க. இரத்த அழுத்தம் உடையோர் உப்பிடாத கீரைப்பொடி முதலியவற்றை நாடுவது நன்று.

நாணம் எதற்கு?

இனி நெஞ்சில் உறுத்தும் ஒன்றைப் பேசுவோம். நம் பிள்ளைகளுள் சிலர் கருவாட்டுத் துண்டு வைத்த சோற்றை மூடியை முழுதும் திறக்காமலே உண்பதை, ஆசிரியப் பணியில் 30 ஆண்டுகளாக நாம் கண்டு வருகிறோம். பட்டம் பெற்று நகரத்துக்குச் சென்ற இளைஞர்களுள் சிலர், தாய் கொடுத்தனுப்பும் உப்புக்கண்டப் பொட்டலத்தை நண்பர் அறியாமல் மறைக்கின்றனர். மணத்தைச் சுட்டி ஒருவனை இழிவுபடுத்துவது சாதியின் பழைய தந்திரங்களுள் ஒன்று. அதற்கு நாமே உடன்பட்டுத் தலைகுனிவது தகுமா?

உலர்த்திக் காத்தல் தமிழர் அனைவர்க்கும் பொதுவான பழங்கலை. மீன் உணங்கலைப் பறவைகள் கவராமல் காத்து நின்ற நெய்தல் நிலப் பெண்களைச் சங்கப் பாடல்கள் நமக்குக் காட்டுகின்றன. பிற நாடுகளிலும் இவ்வாறே. தென் அமெரிக்காவின் ஆண்டிசு மலைமக்கள், உருளைக்கிழங்கை இரவின் உறைபனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் உலர்த்திச் ‘சூன்யோ’ என்னும் பண்டம் ஆக்கினர். அது பல ஆண்டுகள் கெடாது. 1545-இல் பொத்தோசியில் வெள்ளி மலை கண்டறியப்பட்டபின், அச்சுரங்கங்களில் வதைபட்ட தொழிலாளர் உண்டு பிழைத்தது அச்சூன்யோவையே. அதனைச் சுரங்கத்துக்குக் கொண்டு சென்று விற்ற ஸ்பானியர் பலர் செல்வராயினர். அறிவு மலைமக்களுடையது, செல்வம் மற்றவருடையது. இக்கதை நமக்குப் புதிதன்று.

இங்குப் பெரியவர்கள் சிலர் ஓர் ஐயம் எழுப்புவர். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டொழிக்குமாறு நம் மக்களை அறிவுறுத்தினார் அல்லவா, அவ்வாறாயின் உப்புக்கண்டம் தகுமா என்பதே அவ்வையம். செத்த மாட்டை இழுத்துச் செல்வதும் அதன் இறைச்சியைக் கூலியாகப் பெறுவதும் சாதிக்கடமையாக நம்மீது சுமத்தப்பட்டிருந்தன. அந்த அடிமைத்தளையை அறுப்பதே அவருடைய அறிவுரையின் உட்பொருள் என நாம் கொள்கிறோம். தன் உழைப்பின் காசால் நல்ல இறைச்சியை வாங்கி, தூய்மையாக உலர்த்தி, தன் பிள்ளைக்கு அளிக்கும் தாயின் செயல் முற்றிலும் வேறு. பிறர் எறிந்ததை ஏற்றல் அடிமைத்தனம். தாமே ஈட்டியதைக் காத்தல் தன்மானம். உண்பதும் உண்ணாததும் அவரவர் விருப்பம். பிறர் இகழ்ச்சிக்கு அஞ்சி விடுதல் மட்டும் வேண்டா.

களம் யாருடையது?

உலர்த்துவதற்கு இடம் வேண்டும். பழங்காலத்தில் ஊரின் களம் நிலமுடையோர் கையில் இருந்தது. அவர்தம் நெல்லை அங்கே உலர்த்திக் கொடுத்த நம் பெண்கள், தம் வீட்டு வற்றலைக் கூரையின் மேலும், பாறையின் மேலும், கோழியும் ஆடும் திரியும் தெருவிலும் உலர்த்தினர். நம் வற்றல் தூய்மையற்றது என்று பழித்தவர்கள், நமக்குத் தூய இடம் இல்லை என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. தொகுப்பு வீடுகள் வந்தபின் காரைத் தளம் கிடைத்தது. ஆயினும் மேலே ஏறப் படிக்கட்டு இல்லாத வீடுகள் பல.

அரசு ஊர்களில் உலர்களங்கள் அமைத்துத் தருகிறது. நம் குடியிருப்பிலும் ஓர் உலர்களம் வேண்டுமெனக் கேட்பது நம் உரிமை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே நம் இளைஞர்கள் எழுந்து நின்று தீர்மானம் கொண்டுவர வேண்டும். கேட்பதை எழுத்தில் கேட்க வேண்டும்; தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். படித்த இளைஞன் தன் தாய்க்குச் செய்யக்கூடிய உதவிகளுள் இது ஒன்று.

இளைஞர்கள் தம் கையாலேயே செய்யக்கூடியதும் உண்டு. ஒரு மரப்பெட்டி, உட்புறம் கறுப்பு வண்ணம், மேலே சாய்வாகக் கண்ணாடியோ தடித்த தெளிவான பாலித்தீன் தாளோ, கீழே காற்றுப் புகும் துளைகள், மேற்பக்கம் ஈரக்காற்று வெளியேறும் துளைகள், துளைகளில் கொசுவலை, நடுவே வலைத்தட்டு. இதுவே சூரிய உலர்த்தி. ஏலக்காய் ஸ்டோரின் சிறிய வடிவமே இது. விறகுக்குப் பதில் வெயில். தூசியும் ஈயும் அணுகா. திடீர் மழைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. வகுப்பில் படித்த வெப்பமும் காற்றோட்டமும் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு இப்பெட்டியே விடை.

உலர்த்திய பண்டத்தை விற்க எண்ணும் மகளிர் குழுக்கள், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முதலில் பதிவு பெறுதல் வேண்டும். ஒரே எடை, ஒரே தரம், ஆக்கிய நாள் அச்சிட்ட உறை ஆகிய மூன்றும் இருந்தால்தான் கடைக்காரர் மீண்டும் வாங்குவார். முதலில் வீட்டுப் பானை நிறையட்டும். மிஞ்சியது சந்தைக்குச் செல்லட்டும். பிள்ளைக்கு இல்லாமல் விற்பது சேமிப்பாகாது.

உயர்கல்வி நாடும் மாணவர்களுக்கு ஒரு சொல். உணவு பதனிடுதல் இன்று பெருங்கல்வியாக வளர்ந்துள்ளது. மைசூரில் 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் உள்ளது. தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இத்துறையில் பொறியியல் பட்டப்படிப்பு உண்டு. நமக்கு அருகே பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. நமக்கு மேலே மயிலாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் இயங்கி வருகிறது. அத்தோட்டங்களில் காய் எடுத்த தாயின் மகள், அவ்வாராய்ச்சி நிலையத்தில் ஆய்வாளராக அமரும் நாள் வர வேண்டும். அவளுக்கு அப்பாடம் புதிதாக இராது. வீட்டிலேயே அரிச்சுவடி படித்தவள் அவள்.

முடிப்புரை

அன்பர்களே! தாய்மார்களே! வரும் பங்குனி, சித்திரையில் ஒவ்வொரு வீடும் மூன்று பண்டங்களையேனும் முறைப்படி உலர்த்திக் காக்கட்டும். ஒவ்வொரு தெருவிலும் இளைஞர்கள் ஒரு சூரிய உலர்த்தியேனும் செய்து முடிக்கட்டும். நம் கழகம் உலர்களத்துக்கான மனுவை எழுதிக் கிராம சபைக்கு எடுத்துச் செல்லட்டும். தாய்மார்கள் தாம் அறிந்த முறைகளைச் சொல்ல, மாணவர்கள் அவற்றை அளவோடும் நாளோடும் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். வாய்மொழியாக வந்த அறிவு, வாய் ஓய்ந்தால் மறைந்துவிடும். எழுதி வைத்தால் பேரப்பிள்ளைக்கும் நிற்கும்.

நம் உழைப்பால் உலர்ந்த காய் கடல் கடந்து செல்கிறது. அவ்வுழைப்பிலும் அறிவிலும் ஒரு பங்கு இனி நம் வீட்டுக்கும் உரியதாகட்டும்.